காரைக்குடியிலிருந்து அலையாத்திக் காட்டுக்கு: முதல் முறை படகேறும் தம்பதிகளுக்கு

செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் வீடு பார்க்கிறார்கள், கோயில் பார்க்கிறார்கள், ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுவதை வேடிக்கை பார்க்கிறார்கள், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள். ஒன்றரை மணி நேரத்தில் கடல் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. உள்ளூர்க்காரர்களான எங்களுக்கே பாதி நேரம் மறந்துபோகிறது. கண்மாயும் ஊருணியும்தான் எங்களுக்குத் தண்ணீர். நீந்தத் தெரிந்தவர்கள் குறைவு. நானும் என் வீட்டுக்காரரும் தெரியாதவர்கள் பக்கம்தான்.

இருந்தும் இந்தச் சில வருடங்களில் ஏழெட்டு முறை கிழக்குக் கரையில் படகேறியிருக்கிறோம். காரங்காட்டுக்குப் பலமுறை, முத்துப்பேட்டைக்கு இரண்டு முறை. தெரிந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள், புதிதாகக் கல்யாணமானவர்கள், “எப்படிப் போறது ஆச்சி, என்ன எடுத்துக்கிறது?” என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எங்கே போவது?

முதல் முறைக்குக் காரங்காடுதான். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்குத் தெற்கே உள்ள மீனவர் ஊர். ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில், உப்புச் சேற்றில் நிற்கும் அலையாத்திக் காடு (மாங்குரோவ் என்பார்களே, அதுதான்) வளர்ந்திருக்கிறது. வனத்துறை ஊர்மக்களைச் சேர்த்துக்கொண்டு சூழல் சுற்றுலா நடத்துகிறது. படகுச் சவாரி உண்டு, நாமே துடுப்பு போட்டு ஓட்டும் கயாக் என்கிற சின்னப் படகு உண்டு, முகக் கண்ணாடி போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் கடற்புல் பார்ப்பதும் உண்டு. அரை நாளில் முடிந்துவிடும். இரண்டு பேருக்கும் ஒத்துவருகிறதா என்று பார்க்க அரை நாள் போதும்.

இரண்டாவது முத்துப்பேட்டை. அது பெரிய காடு, பெரிய நீர்ப்பரப்பு. ஒரு முழு நாளை அதற்கென்றே ஒதுக்க வேண்டும். எடுத்த எடுப்பில் அங்கே போனால் ஒருவருக்குப் பிடித்து மற்றவருக்குத் தலைவலி வந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் தலைவலி யாருக்கு வந்தது என்று சொல்ல மாட்டேன்.

மீன்பிடிக்கப் போகும் நாட்டுப்படகில் ‘கொஞ்சம் ஏற்றிக்கொண்டு போங்கள்’ என்று கேட்கும் ஆசை பலருக்கும் வரும். வேண்டாம். அது ஆள் ஏற்றும் படகு இல்லை. உங்களுக்கு மாட்டிவிட அதில் உயிர்காக்கும் உடுப்பு இருக்காது, ஏதாவது ஆனால் பாவம், அந்த மனிதருக்குத்தான் சிக்கல். பாக் விரிகுடாவில் நடுக்கடலில் சர்வதேச எல்லைக்கோடு போகிறது, கடலோரக் காவல் கெடுபிடியும் அதிகம். அனுமதி பெற்ற இடத்தில், அனுமதி பெற்ற படகில் மட்டும் ஏறுங்கள். ஆதார் அட்டையைக் கையில் வைத்திருங்கள். ட்ரோன் வைத்திருப்பவர்கள் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது.

எந்த மாதம்?

இங்கே ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். ராமேசுவரத்து மீனவர்கள் நம் பக்கத்து பாக் விரிகுடாவை வடகடல் என்பார்கள், தீவுக்குத் தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்பார்கள். இரண்டுக்கும் குணம் வேறு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும். அதனால் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய இந்தப் பக்கம் படகு ஆசையை ஒத்திவையுங்கள். மழை இல்லாத நாளாகவே இருந்தாலும் வாடைக்காற்று ஏறிவிட்டால் தண்ணீர் கலங்கி ஒன்றும் தெரியாது.

பொங்கல் முடிந்து மார்ச் கடைசி வரை நல்ல காலம். வலசைப் பறவைகள் இருக்கும், வெயிலும் தாங்கும். ஏப்ரல், மே மாதங்களிலும் போகலாம், ஆனால் காலை 9 மணிக்குள் கரையேறிவிட வேண்டும். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். கரையோரத்தில் வெகுதூரம் இடுப்பளவு, மார்பளவுதான். அந்தத் தண்ணீர் சூடாகி, வெயிலை முகத்துக்குத் திருப்பி அடிக்கும். ஆடி மாதக் காற்று தனிக் கதை. கரையில் பனைமரம் ஆடுவதைப் பார்த்தே வீட்டுக்குத் திரும்பியிருக்கிறோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். அது விசைப்படகுகளுக்குத்தான், சுற்றுலாப் படகுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டில் மீன் வகை குறையும், விலை கூடும். நண்டுக்காகவே போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நீர் பார்த்துக் கிளம்புங்கள்

நான் இந்தக் கட்டுரை எழுதுவதே இந்தப் பகுதிக்காகத்தான்.

நாம் ஊரில் எதற்கும் ராகு காலம், எமகண்டம் பார்த்துக் கிளம்புகிறவர்கள். அதே காலண்டரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அமாவாசை, பௌர்ணமி எப்போது என்று. கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஏறி நின்ற தண்ணீர் வற்றி முடிய ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். இந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் பின்தள்ளிப் போகும். இன்று காலை 7 மணிக்கு நீர் ஏறி நின்றால் நாளை 7.50க்கு.

இதிலிருந்து நாங்களே கண்டுபிடித்துக்கொண்ட ஒரு கணக்கு உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை எந்த நேரத்தில் நீர் நிறைந்து நின்றதோ, அதே நேரத்தில் இந்த ஞாயிற்றுக்கிழமை வற்றிக் கிடக்கும். ஏழு நாளில் ஆறு மணி நேரம் தள்ளிப்போய்விடுகிறதல்லவா? அதற்கடுத்த ஞாயிறு பழையபடி நிறையும். அதனால் ‘போன வாரம் எங்கள் மச்சான் காலையில் போய் நன்றாகப் பார்த்துவிட்டு வந்தார்’ என்பதை நம்பி அதே நேரத்துக்கு இந்த வாரம் போனால் சேற்றைத்தான் பார்ப்பீர்கள். அவர் போன நாளிலிருந்து இரண்டு வாரம் கழித்துப் போங்கள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றுவதும் அதிகம். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டும் மந்தம். பாக் விரிகுடாவில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட வராது, அதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றலாம். ஆழமே இரண்டு முழம் இருக்கிற ஓடையில் ஒரு முழம் வற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

யோசிக்காமல் நாங்கள் போனோம். இரண்டாவது பயணம் அது. படகோட்டி காலை 7 மணிக்கு வரச் சொல்லியிருந்தார். வழியில் தேவகோட்டையில் ஒரு சொந்தக்காரர் வீடு. காலைப் பலகாரம் சாப்பிடாமல் விட மாட்டோம் என்றார்கள். வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும், அப்புறம் காப்பி, அப்புறம் பேச்சு. கரைக்குப் போய்ச் சேரும்போது மணி பத்தரை. “தண்ணி இறங்குது ஆச்சி, சின்னதா ஒரு சுத்து போயிட்டு வந்துருவோம்” என்றார் படகுக்காரத் தம்பி. நாங்கள் கேட்கவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு, உள்ளே போய்ப் பார்க்காமலா என்று வற்புறுத்தினோம். திரும்பும்போது படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. நிழல் இல்லை. தம்பி இறங்கித் தள்ளிப் பார்த்தார், முழங்கால் வரை புதைந்ததுதான் மிச்சம். இன்னொரு படகு வந்து கயிறு கட்டி இழுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அந்த ஒன்றரை மணி நேரத்தில் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது முழுக்க, பணியாரம் சாப்பிடலாம் என்று முதலில் சொன்னது யார் என்பதைப் பற்றித்தான்.

முன்பதிவுக்குப் பேசும்போது ‘எத்தனை மணிக்கு வரலாம்?’ என்று கேட்காதீர்கள். ‘அன்றைக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும்?’ என்று கேளுங்கள். பதில் வரும் விதத்திலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். ஏறுகிற நீரில் உள்ளே போய், நிறைந்து நிற்கும்போது சுற்றிப் பார்த்து, வற்றத் தொடங்கியதும் அந்த ஓட்டத்தோடு வெளியே வருவதுதான் சுகம். என் வீட்டுக்காரர் இப்போது மாதக் காலண்டரில் பென்சிலால் நீர் நேரம் குறித்து வைக்கிறார். கல்யாணத்துக்கு நாள் பார்த்தபோதுகூட இவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்டதாக நினைவில்லை.

போகும் வழி

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டி. சுமார் 50 கிலோமீட்டர். அங்கே கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே, ராமநாதபுரம் பக்கம் திரும்ப வேண்டும். நம்புதாளை தாண்டியதும் காரங்காட்டுக்குப் பிரியும் இடத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். பேருந்தில் போகிறவர்கள் தொண்டியில் இறங்கி ஆட்டோ வைத்துக்கொள்வது நல்லது. அதிகாலையில் மாற்றிப் பிடிக்கப் பேருந்துக்குக் காத்திருந்தால் நீர் இறங்கிவிடும்.

ஏற்றம் காலை 6 மணிக்கு என்றால் 4 மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அது முடியாதவர்கள் முந்தைய நாளே தொண்டியிலோ ராமநாதபுரத்திலோ தங்கலாம். தேவகோட்டைச் சொந்தக்காரர் வீட்டில் தங்குவதைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

உடையும் மூட்டையும்

பெண்களுக்குச் சுடிதார்தான் சரி. சேலையில்தான் வருவேன் என்றால் பருத்திச் சேலை கட்டி, கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். முந்தானை காற்றில் பறந்து மோட்டார் பக்கம் போகாமல் இடுப்பில் சுற்றிக்கொள்ள வேண்டும். ஆண்கள் வேட்டியைத் தவிர்த்துவிடலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. செருப்பு பின்புறம் வார் உள்ளதாக இருக்கட்டும். சாதாரணச் செருப்பைச் சேறு வாங்கிக்கொள்ளும், திருப்பித் தராது. வெறுங்காலோடும் இறங்கக் கூடாது. அலையாத்தி மரத்தின் வேர்கள் சேற்றிலிருந்து ஆணி அடித்தது மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருக்கும்.

கயிறு வைத்த தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். இரண்டு பாக்கெட், மாற்றுத் துணி ஒன்று, கைப்பேசிக்கு நீர்புகா உறை. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதற்கும் ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஒன்று கடலுக்கடியில் இருக்கிறது. தாலிச் சங்கிலியையும் வளையலையும் குறைத்துக்கொண்டு போகச் சொன்னால் என் மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார். அதனால் அதைச் சட்டைக்குள் போட்டு ஊக்கு குத்திக்கொள்வேன்.

கொறிக்கச் சீப்புச் சீடை எடுத்துப்போங்கள். ஈரக்காற்றில் முறுக்கு நமுத்துவிடுகிறது, சீப்புச் சீடை கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது. டப்பாவில் போடுங்கள். பாலித்தீன் பை காற்றில் பறந்து கடலுக்குப் போனால் ஆமையின் வயிற்றுக்குத்தான் போகும்.

வாந்தி வரும் உடம்பு என்றால் அவோமின் மாதிரி மாத்திரையைப் படகேற ஒரு மணி நேரத்துக்கு முன்பே போட வேண்டும். குமட்டல் வந்தபிறகு போட்டுப் பயனில்லை. தூக்கம் வரும், அதனால் திரும்பும்போது வண்டி ஓட்டப்போகிறவர் அதைப் போடக் கூடாது. வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓடைக்குள் அலை கிடையாது, அங்கே பயமில்லை. முகத்துவாரம் தாண்டித் திறந்த நீருக்கு வரும்போதுதான் ஆட்டம் தெரியும். அப்போது கைப்பேசியைப் பார்க்காமல் தூரத்துக் கரையையே பாருங்கள்.

யாரும் எழுதாத ஒன்று: படகேறும் முன் கழிப்பறைக்குப் போய்விட்டு ஏறுங்கள். இதற்குப் பயந்து பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள், வெயிலில் மயங்குகிறார்கள். கரையில் வசதி எங்கே இருக்கிறது என்று போனவுடன் கேளுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படகில் ஏறுவதும் உட்காருவதும்

உயிர்காக்கும் உடுப்பை மாட்டி எல்லாக் கொக்கிகளையும் போடுங்கள். போட்டபின் ஒருவர் மற்றவருடைய உடுப்பின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காது வரை வந்தால் தளர்வு, இறுக்க வேண்டும். புகைப்படத்துக்காகக் கழற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும்.

ஏறும்போது படகின் ஓரத்தில் மிதிக்காமல் நடுவில் கால் வைத்து உடனே உட்கார்ந்துவிட வேண்டும். தம்பதியர் இருவரும் ஒரே பக்கம் ஒட்டி உட்காரப் பார்ப்பார்கள். படகுக்காரர் ஆளுக்கொரு பக்கம் பிரித்து உட்கார வைத்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், எடை சமமாக இருக்கத்தான். முன்முனையை அணியம் என்பார்கள். அங்கே உட்கார்ந்தால் காட்சி நன்றாக இருக்கும், தெறிக்கும் தண்ணீரும் அங்கேதான் வரும்.

கயாக் என்றால்

இரண்டு பேர் கயாக்கில் கனமானவர் பின்னால், இலேசானவர் முன்னால். முன்னால் இருப்பவர் துடுப்பு போடும் தாளத்தைப் பின்னால் இருப்பவர் பின்பற்ற வேண்டும். திசை திருப்புவது பின்னால் இருப்பவர் வேலை. வலப்பக்கம் துடுப்பு போட்டால் படகு இடப்பக்கம் திரும்பும். இது மண்டையில் ஏறக் கால் மணி நேரம் ஆகும். அதுவரை மரத்தில் முட்டுவீர்கள், பரவாயில்லை.

சண்டை எங்கே வரும் என்றும் சொல்லிவிடுகிறேன். “இடது பக்கம் போடு” என்றால் துடுப்பை இடது பக்கம் போடுவதா, படகை இடது பக்கம் திருப்புவதா? எங்களுக்குள் இது தீரவே இல்லை. கடைசியில் காரங்காட்டுத் தம்பி ஒருவர்தான் வழி சொன்னார்: இடது வலது என்று பேசாதீர்கள், “கரைப்பக்கம் திருப்பு”, “கடல்பக்கம் திருப்பு” என்று பேசுங்கள் என்று. அன்றோடு சத்தம் பாதியாகக் குறைந்தது. யாராவது ஒருவர்தான் திசை சொல்ல வேண்டும் என்று ஏறும் முன்பே முடிவு செய்யுங்கள். எங்களில் அது நான்.

கவிழ்ந்தால் பதறாதீர்கள், உடுப்பு மிதக்க வைக்கும். படகை விட்டுவிட்டு நீந்தப் பார்க்கக் கூடாது. படகைப் பிடித்துக்கொண்டு இருங்கள், வழிகாட்டி வந்துவிடுவார். ஓடையில் பல இடங்களில் எழுந்து நின்றாலே தலை மேலே இருக்கும். ஆனால் சேற்றில் நிற்கப் போய்க் கால் மாட்டிக்கொள்வதைவிட மிதப்பது நல்லது.

உள்ளே என்ன பார்ப்பது

மோட்டாரை அணைக்கச் சொல்லுங்கள். இதற்குக் கூச்சப்படாதீர்கள். அணைத்ததும் காடு பேசத் தொடங்கும். சேற்றில் டப் டப்பென்று ஒரு சத்தம் வரும், சேற்றில் வாழும் சின்ன உயிரினங்கள் போடும் சத்தம். ஒரு கை மட்டும் உடம்பை விடப் பெரிதாக உள்ள நண்டு அந்தக் கையை ஆட்டி ஆட்டி யாரையோ கூப்பிடும். அதன் பெண்ணைத்தான். சேற்றில் துள்ளித் திரியும் குட்டி மீன்கள் இருக்கும். மீன் எப்படித் தரையில் நடக்கிறது என்று என் வீட்டுக்காரர் இன்னமும் நம்ப மறுக்கிறார்.

இங்கே அதிகம் இருப்பது வெண்கண்டல். இலையின் அடியில் விரலால் தடவி நாக்கில் வையுங்கள், உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியே வெளியே தள்ளிவிடுகிறது. சேற்றில் ஆணி மாதிரி நிற்பவை அதன் மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மூக்கை மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. சுரபுன்னை மரம் கண்ணில் பட்டால், முருங்கைக்காய் மாதிரி தொங்குவதைப் பாருங்கள். அது காயில்லை. தாய் மரத்திலேயே முளைத்த கன்று, கீழே விழுந்து சேற்றில் குத்திக்கொண்டு வளரும். தலைச்சன் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைக் கொஞ்சம் தேற்றிக்கொண்டு வருகிறோமே, அந்த மாதிரி.

ஒரே ஒரு மரத்திடம் மட்டும் எச்சரிக்கை. தில்லை மரத்தின் இலையையோ கிளையையோ ஒடிக்காதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், பார்வையையே பாதிக்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான், தலவிருட்சமும் இதுதான். எது தில்லை என்று தெரியாதவரைக்கும் எதையும் ஒடிக்காமல் இருப்பதே வழி.

பறவைகள் பற்றி நிறையச் சொல்லலாம். கூழைக்கடா, நீர்க்காகம், ஆலா, உள்ளான், சில வருடம் பூநாரை. தலை வெளுத்துச் செந்நிற உடம்போடு ஒரு பருந்து தலைக்கு மேலே வட்டமிடும். கருடன். எங்கள் ஊர் ஆட்கள் படகில் இருக்கிறோம் என்பதையும் மறந்து எழுந்து கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். உட்கார்ந்தபடியே போட்டுக்கொள்ளுங்கள், சாமி ஒன்றும் நினைத்துக்கொள்ளாது.

முகத்துவாரம் தாண்டினால் கடற்புல் வெளி. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் வயல்வெளி மேலே பறப்பது போல இருக்கும். ஆவுளியா என்கிற கடற்பசு மேயும் புல் இதுதான். அது மீன் இல்லை, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் விலங்கு. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. நீங்கள் போகிற நாளில் ஆவுளியாவைப் பார்த்துவிடலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். நாங்கள் பார்த்ததில்லை. புல்லை மிதிக்காமல், பிடுங்காமல் மிதந்தபடி பாருங்கள். தண்ணீரில் கால் ஊன்ற வேண்டி வந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். மணலில் புதைந்திருக்கும் திருக்கை மீன் அந்த அதிர்வில் விலகிப் போய்விடும், மிதித்தால்தான் வாலால் குத்தும்.

சாப்பாடு

முன்பதிவு செய்யும்போதே மதியச் சாப்பாட்டையும் சொல்லிவிடுங்கள். ஊர்ப் பெண்கள் சமைத்துத் தருகிறார்கள். போய் இறங்கிவிட்டுக் கேட்டால் கிடைக்காது. அன்றன்று வாங்கிச் சமைப்பது அது. நண்டு, மீன் குழம்பு, வறுவல். நம் வீட்டு நண்டு மசாலாவில் சோம்பும் பட்டையும் தூக்கலாக இருக்கும். இவர்கள் கை வேறு. மசாலா அடக்கமாக, நண்டு முன்னால் நிற்கும். செட்டிநாட்டுக்காரியாக இருந்துகொண்டு இதைச் சொல்லக் கூடாது, ஆனாலும் நண்டுக்கு அவர்கள் சமையல்தான்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கையில் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்துவிடுவது நிம்மதி.

ஏதாவது ஆகிவிட்டால்

கடலில் ஆபத்து என்றால் 1093 கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் இலவச எண், 1554 இந்தியக் கடலோரக் காவல்படையின் எண். ஆம்புலன்ஸ் 108. மூன்றையும் ஒரு தாளில் எழுதி உறைக்குள் வையுங்கள். இடி இடித்தால் வாதாடாமல் கரைக்குத் திரும்புங்கள். சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டு எரிந்தால் தேய்க்காதீர்கள், குடிதண்ணீரும் ஊற்றாதீர்கள். கடல்நீராலேயே கழுவிவிட்டு, ஒட்டியிருக்கும் இழையைச் சின்ன இடுக்கியால் மெல்ல எடுங்கள். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ உடனே மருத்துவமனை.

அடுத்தது முத்துப்பேட்டை

காரங்காடு இரண்டு பேருக்கும் பிடித்திருந்தால் அடுத்த வருடம் இது. காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி, பேராவூரணி, பட்டுக்கோட்டை வழியாகத் திருவாரூர் போகும் ரயில் பாதையிலேயே முத்துப்பேட்டை இருக்கிறது. ரயில் நேரமும் நீர் நேரமும் ஒத்துவருவது அபூர்வம், அதனால் நாங்கள் காரில்தான் போனோம். வழியில் மல்லிப்பட்டினம் பக்கம் மனோராவில் இறங்கிக் கால் நீட்டலாம். நெப்போலியன் தோற்றதற்கு ஆங்கிலேயரைப் பாராட்டி சரபோஜி மன்னர் கட்டிய எட்டடுக்குக் கோபுரம் அது. ஐரோப்பாவில் யாரோ தோற்றதற்குத் தஞ்சாவூர்க் கடற்கரையில் கோபுரம்! அதன் நிழலில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட நன்றாக இருக்கிறது.

முத்துப்பேட்டையில் வனத்துறை அனுமதி பெற்று ஜாம்புவானோடைப் படகுத்துறையில் ஏற வேண்டும். கோரையாற்றில் தொடங்கும் பயணம். கர்நாடகத்தில் புறப்பட்ட காவிரி, டெல்டா வயல்களையெல்லாம் நனைத்துவிட்டு, கிளையாறுகளாகப் பிரிந்து இங்கேதான் பாக் விரிகுடாவைத் தொடுகிறது. முதலில் இரண்டு கரையும் பக்கத்தில் இருக்கும், ஆற்றில் போகிற மாதிரி இருக்கும். மெல்லக் கரைகள் விலகும். ஒரு திருப்பத்தில் கரையே இல்லாமல் போய்விடும். அந்தப் பரந்த நீரை அங்கே லகூன் என்றே சொல்கிறார்கள். நீர் ஆழமில்லை, கழி ஊன்றினால் எட்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் இந்தக் கரையைத்தான் புரட்டிப் போட்டது. பட்டுப்போன மரங்கள் பல இடங்களில் நின்றதைப் பார்த்தோம். அதன் காலடியிலேயே புதுக் கன்றுகளும் நின்றன.

லகூனுக்குள் நிழல் கிடையாது. குடை எடுத்துக்கொண்டு போங்கள், ஆனால் படகு ஓடும்போது விரிக்காதீர்கள். நடுவில் இறங்கி நடக்க இடம் உண்டா, மரநடைபாதை அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் ஏறினால் மதியம் கரை திரும்பும்போது களைத்துப்போவீர்கள், அன்றே காரைக்குடி திரும்பத் திட்டமிடாமல் பட்டுக்கோட்டையில் தங்கிவிடுங்கள்.

அந்த லகூன் நடுவில் மோட்டாரை அணைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு என் அப்பத்தா ஞாபகம் வந்தது. ஐயா, அதாவது தாத்தா, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர். கப்பல் ஏறினால் திரும்ப மூன்று வருடம். அப்பத்தா ஒரு முறையும் கூடப் போனதில்லை, கப்பல் எப்படி இருக்கும் என்று எங்களிடம் கேட்பார். அதைச் சொன்னதும் இவர், “அதான் உன்னைக் கூட்டிக்கிட்டு வந்துட்டேன்ல” என்றார். கூட்டிக்கொண்டு வந்தது நான்தான். முன்பதிவு செய்ததும் நான்தான். நீர் நேரம் குறித்தது மட்டும் அவர்.

வீடு திரும்பியதும்

செருப்பு, கண்ணாடி, கைக்கடிகாரம், கொக்கி வைத்த பை எல்லாவற்றையும் அன்றிரவே நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். உப்பு ஒரே நாளில் பல்லைக் காட்டிவிடும். அலையாத்திச் சேறு பட்ட துணியைச் சோப்பு போட்டு உடனே தேய்க்காமல், முதலில் காயவிட்டு உதறிவிட்டு அப்புறம் ஊறவைத்தால் கறை போகும். வெள்ளைச் சட்டையில் பட்டது மட்டும் போகாது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு சட்டை இருக்கிறது, அடுத்த முறைக்கென்று தனியாக மடித்து வைத்திருக்கிறோம்.